மலை இறங்கி வரும் கூட்டம்

‘மேற்குத் தொடர்ச்சி மலை’ (2018) வந்தபோது அதை மலையைப் பற்றிய படமாகவே பேசித் தீர்த்தோம். லெனின் பாரதி காட்டிய அந்த மலையின் மறுபாதி கீழே இருக்கிறது: வாரக் கடைசியில் தேனி நேரு சிலையைச் சுற்றி நெரியும் கூட்டம். ஏலக்காய் மூட்டை சுமந்த கூலி, செலவாக வந்து சேர்வது இங்கேதான்.

ஒரு ஊரின் நடுப்பகுதி எதனால் களைகட்டுகிறது? அமெரிக்க நகரங்களை வைத்து ஜேன் ஜேக்கப்ஸ் 1961இல் ஒரு பதில் சொன்னார். வெவ்வேறு ஆட்கள், வெவ்வேறு வேலையாக, வெவ்வேறு நேரத்தில் ஒரே தெருவுக்கு வரணும். சின்ன வியாபாரம் தாக்குப்பிடிக்க, வாடகை குறைந்த பழைய கட்டடங்களும் இருக்கணும். தேனிக்கு இது அப்படியே பொருந்தும். மதுரை ரோடு, பெரியகுளம் ரோடு, கம்பம் ரோடு மூன்றும் முட்டுகிற இடத்தில் பூண்டு யாவாரி, ஜவுளி எடுக்க வந்த கல்யாண வீட்டார், புரோட்டாக் கடை என எல்லாம் ஒண்ணுமண்ணா கிடக்கும். பைபாஸில் புதுப் பேருந்து நிலையம் கட்டி பென்னிகுவிக் பெயரும் வைத்தாயிற்று. ஊர் என்னவோ நேரு சிலையை விட்டு நகரவில்லை.

ஆனால் ஜேக்கப்ஸ் தெருவில் நின்று பார்த்தவர். தேனியை அப்படி மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும். கம்பம், கூடலூர், போடிப் பக்கத்து ஜனங்கள் விடியுமுன்னே ஜீப்பில் நெருக்கியடித்து குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கித் தோட்டங்களுக்குப் போகிறார்கள், திரும்பும்போது இருட்டிவிடும். கையில் காசும் உடம்புக்கு ஓய்வும் ஒன்றாகக் கிடைப்பது பெரும்பாலும் வாரக் கடைசியில்தான். ஆறு நாள் இல்லாமல்போன வாழ்க்கையை ஒரு நாளுக்குள் திணிப்பதைத்தான் நாம் ‘ஊர் கலகலன்னு இருக்கு’ என்கிறோம்.

அதனால்தான் 2019இல் சென்னை பாண்டி பஜாரில் போட்ட நடைபாதை வளாகத்தை இங்கே நகலெடுத்தால் போதாது. அங்கே சும்மா நடக்க வருகிறவர்களும் உண்டு. இங்கே வருகிறவர்கள் கையில் பட்டியல் இருக்கிறது, இடுப்பில் பிள்ளை இருக்கிறது. அவர்களுக்கு வேண்டியது நிழல், பையை இறக்கிவைத்து உட்கார ஒரு திண்ணை, பெண்கள் நம்பிப் போகக்கூடிய கழிப்பறை, ஊருக்குத் திரும்பக் கடைசி பஸ். அழகுபடுத்துவதெல்லாம் பிறகு.

படத்தின் முடிவில் ரங்கசாமி, தன் கையை விட்டுப்போன நிலத்தில் நிற்கும் காற்றாலைக்கே காவலாளி ஆகிறான். அதை நிலம் போன கதையாகவே படிக்கிறோம். அவனுடைய ஞாயிற்றுக்கிழமையும் போயிருக்கும். காற்றாலை லீவு விடுவதில்லையே. ரங்கசாமிகள் பெருகப் பெருக, நேரு சிலைப் பக்கம் ஒவ்வொரு வாரமும் ஒரு ஆள் குறைவார்.