நிறுத்துவதும் திருத்துவதும்: கூம்புக் கருவிழிக்கான குறுக்கிணைப்புச் சிகிச்சை

கெரட்டோகோனஸ் எனப்படும் கூம்புக் கருவிழி நோயில், கண்ணின் முன்புறத்தில் ஒளியை வளைத்து உள்ளே செலுத்தும் தெளிவான படலமாகிய கருவிழி படிப்படியாக மெலிந்து, கூம்பு வடிவில் முன்தள்ளிப் பார்வையைச் சிதைக்கிறது. பெரும்பாலும் பதின்பருவத்தில் தொடங்கி, முப்பது வயதைக் கடந்தபின் வேகம் தணியும் இந்நோய்க்கு நெடுங்காலம் கிடைத்தவை, கோணிய பரப்பைச் சீராக்கிக் காட்டும் கடினக் கான்டாக்ட் லென்ஸும், அதுவும் பயன்படாதபோது கருவிழி மாற்று அறுவை சிகிச்சையும்தான். நோயின் போக்கையே மறிக்கும் வழி இருக்கவில்லை. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் உருவாகி, வோலன்சாக், ஸ்போர்ல், சைலர் ஆகியோர் 2003இல் முதல் மருத்துவ முடிவுகளை வெளியிட்ட கொலாஜன் குறுக்கிணைப்பு அந்த நிலையை மாற்றியது.

கருவிழியின் மேல்தோலை ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் விட்டத்துக்கு வழித்தெடுத்து, வைட்டமின் பி2 ஆகிய ரிபோஃபிளேவினைச் சொட்டுச் சொட்டாக அரைமணி நேரம் ஊறவிட்டு, பின்னர் 370 நானோமீட்டர் அலைநீளப் புற ஊதாக் கதிரைச் சதுர சென்டிமீட்டருக்கு 3 மில்லிவாட் வீதம் மேலும் அரைமணி நேரம் பாய்ச்சுவதே நிலைபெற்ற முறை. ரிபோஃபிளேவின் கதிரை உறிஞ்சி, ஆக்சிஜனின் துணையோடு கொலாஜன் இழைகளிடையே புதிய பிணைப்புகளை உண்டாக்குகிறது. அதுவே கதிர் ஆழமாக இறங்காமல் காக்கும் திரையாகவும் நிற்பது இம்முறையின் நேர்த்தி.

பலன் ஐயத்துக்கு இடமற்றது. பிரிட்டனில் 10 முதல் 16 வயதுடைய 60 பேரிடம் நடத்தப்பட்டு 2021இல் வெளியான கெராலிங்க் ஆய்வில், 18 மாதங்களில் நோய் முற்றியோர் வழக்கமான பராமரிப்பில் 43 சதவீதமாகவும் சிகிச்சை பெற்றோரில் 7 சதவீதமாகவும் இருந்தனர். ஆனால் இச்சிகிச்சை நிறுத்துகிறதே அன்றித் திருத்துவதில்லை. கண்ணாடியைக் கழற்றிவிடலாம் என்று நம்பி வருபவருக்கு, கூம்பு ஓரளவு தட்டையானாலும் லென்ஸின் தேவை தொடரும் என்பதையும், மேல்தோல் வளரும்வரை சில நாட்கள் கடும் வலி இருக்கும் என்பதையும், அரிதாகக் கிருமித்தொற்றும் தழும்பும் நேரலாம் என்பதையும் முன்கூட்டியே சொல்லாத ஆலோசனை நேர்மையானதாகாது.

வலியைத் தவிர்க்க மேல்தோலை அகற்றாமலே செய்யும் முறை ஈர்ப்புடையதெனினும், ரிபோஃபிளேவின் அத்தோலை எளிதில் ஊடுருவாது, ஆக்சிஜன் வரத்தும் குறையும் என்பதால், வழக்கமான வடிவில் அதன் விளைவு மென்மையாகவே அமைகிறது. கதிரின் செறிவைக் கூட்டி நேரத்தைப் பத்து நிமிடமாகச் சுருக்கும் 9 மில்லிவாட் முறையும் இதே சிக்கலுக்கு உட்பட்டது: மொத்த ஆற்றல் சமமே ஆயினும், ஆக்சிஜன் செலவாகும் வேகத்துக்கு அது மீண்டும் ஊறும் வேகம் ஈடுகொடுப்பதில்லை. தடிமன் தொடர்பான வரம்பு இன்னும் கடினமானது. மேல்தோல் நீங்கியபின் 400 மைக்ரானாவது எஞ்சியிருந்தால்தான் மீண்டும் வளராத உட்படலச் செல்கள் கதிரிலிருந்து தப்பும் என்பதால், சிகிச்சை மிக வேண்டியவருக்கே அது மறுக்கப்பட்டது. சென்னையைச் சேர்ந்த சூசன் ஜேக்கப் குழுவினர் 2014இல் வெளியிட்ட தீர்வு எளிமையானது: புற ஊதாத் தடுப்பற்ற மென் கான்டாக்ட் லென்ஸை ரிபோஃபிளேவினில் ஊறவைத்துக் கருவிழிமேல் பொருத்தினால், அதன் தடிமனும் கணக்கில் சேர்ந்துவிடும்.

நடைமுறையின் மெய்யான பலவீனம் கருவியில் இல்லை, தீர்மானத்தில் இருக்கிறது. வளைவு ஒரு டயாப்டர் கூடியதா என்று மாதக்கணக்கில் காத்திருப்பது வயது வந்தவருக்குப் பொருந்தலாம். விரைந்து முற்றும் சிறுவருக்கு அக்காத்திருப்பே இழப்பு. அதைவிடப் பெரிய புறக்கணிப்பு, கண்ணைக் கசக்கும் பழக்கம். ஒவ்வாமை அரிப்பால் விரல்முட்டியை வைத்து அழுத்திக் கசக்கும் பிள்ளைக்கு அரிப்பை அடக்காமல் கதிர் பாய்ச்சுவது பாதிச் சிகிச்சையே. அந்த அரிப்புக்கென மருந்துக்கடையில் தாமாக வாங்கிப் பல மாதங்கள் விடப்படும் ஸ்டீராய்டு சொட்டு மருந்தோ, கண்ணழுத்தத்தை உயர்த்திக் கிளாக்கோமாவுக்கு வழிவிடுகிறது. கருவிழியைப் படமெடுக்கும் ஒவ்வொரு வருகையிலும் அழுத்தத்தையும் அளப்பதற்கு ஆகும் கூடுதல் நேரம் சில நிமிடங்களே.