ஆர்வலரின் அளவுகோல்

ஒரு துறையில் தோய்ந்தவர் கூறும் கருத்தெல்லாம் திறனாய்வு ஆகிவிடாது. விருப்பு வெறுப்பை வெளியிடுதல் எளிது. அதற்குரிய காரணத்தைக் காட்டி, பிறரும் அளந்தறிய ஓர் அளவுகோலைத் தருதலே அரிது. இலக்கியத்திற்கும் இசைக்கும் உரிய இவ்வுண்மை, மோட்டார் சைக்கிள், கார், மோட்டார் பந்தயம் ஆகியவற்றைப் பற்றி எழுதுவோர்க்கும் பொருந்தும். அத்துறையில் அளவுகோல் தந்தவர் என்று போற்றத்தக்கவர் இங்கிலாந்து நாட்டு டெனிஸ் ஜென்கின்சன் (1920–1996). அவர்தம் எழுத்தின் பெருமையையும், அது வழுவிய இடத்தையும் ஒருங்கே ஆராய்தல் பயனுடையதாகும்.

ஜென்கின்சன் வேலிக்கு அப்பால் நின்று வேடிக்கை பார்த்து எழுதியவர் அல்லர். மோட்டார் சைக்கிள் உலகப் போட்டிகள் முதன்முதலாக நடைபெற்ற 1949ஆம் ஆண்டில், பக்கவண்டிப் பிரிவில் எரிக் ஆலிவர் வாகை சூடினார். அவருடைய நார்ட்டன் வண்டியில் துணைவராகச் சென்றவர் ஜென்கின்சன். அத்துணைவர் வாளா அமர்ந்து செல்வதில்லை. வளைவுதோறும் தம் உடலை வெளியே சாய்த்து வண்டியின் சமநிலையைக் காப்பவர் அவரே. வேகத்தைத் தம் உடம்பால் அறிந்த பின்னரே ஜென்கின்சன் 'மோட்டார் ஸ்போர்ட்' திங்களிதழின் செய்தியாளராக ஐரோப்பா முழுவதும் சுற்றி எழுதலானார்.

அவர்தம் எழுத்துகளுள் தலைசிறந்தது 1955இல் வெளிவந்த மில்லே மிலியா பந்தயக் கட்டுரை. பிரெஸ்சியாவில் தொடங்கி உரோமாபுரி சென்று மீளும் ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் பந்தயம் அது, பொதுச்சாலைகளிலே நடந்தது. ஸ்டெர்லிங் மோஸ் ஓட்டிய மெர்சிடிஸ் காரில் அவர் வழிகாட்டியாக அமர்ந்தார். முன்னரே அவ்வழியில் பன்முறை சென்று, வளைவு, மேடு, இருப்புப்பாதைக் கடவை அனைத்தையும் குறித்து, அக்குறிப்புகளை ஐந்து மீட்டருக்கும் மேற்பட்ட நீளமுள்ள காகிதச் சுருளில் எழுதி, ஒரு சிறு பெட்டிக்குள் பொருத்திக்கொண்டார். இரைச்சலில் பேச்சு எடுபடாமையால் கைச்சைகைகளால் வழி சொன்னார். 10 மணி 7 நிமிடம் 48 வினாடியில், மணிக்குச் சராசரி 157 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில், அவர்கள் வென்றனர்.

அக்கட்டுரையில் தற்புகழ்ச்சி இல்லை. வழியில் தமக்குக் குமட்டல் ஏற்பட்டதையும், வெளியே தலை நீட்டியபோது மூக்குக் கண்ணாடி காற்றில் பறந்ததையும் மறைக்காமல் எழுதுகிறார். வியப்புச் சொற்களை அடுக்காமல், எது எவ்வாறு நிகழ்ந்தது என்பதை மட்டும் கூறுகிறார். வியப்பு படிப்பவர் நெஞ்சில் தானே எழுகின்றது. 1958இல் வெளியான 'தி ரேசிங் டிரைவர்' என்னும் நூலிலும் இப்பண்பே விளங்குகின்றது. ஓட்டுநர் தம் ஆற்றலில் பத்தில் எத்தனை பங்கைப் பயன்படுத்துகிறார் என்று அளக்கும் முறையை அந்நூலில் விளக்கினார். 'நன்றாக ஓட்டினார்' என்னும் வெற்றுரைக்கு மாற்றாக அமைந்த அவ்வளவை, இத்துறையினர் வழக்காகவே ஏற்றனர்.

இத்தகைய அறிஞர் வழுவிய இடம் எது? 1966ஆம் ஆண்டு பெல்ஜியத்தின் ஸ்பா களத்தில் முதற்சுற்றிலேயே மழை கொட்டியது. ஜாக்கி ஸ்டூவர்ட்டின் கார் சாலையை விட்டு விலகி நொறுங்கியது. கசிந்த எரிபொருளில் நனைந்தவாறு அவர் ஏறத்தாழ 25 நிமிடம் சிக்கிக் கிடந்தார். அவரை மீட்டவர்கள் சக ஓட்டுநர்களான கிரகாம் ஹில்லும் பாப் பாண்டுரண்டுமே. அதற்கான ஸ்பானரையும் பார்வையாளர் ஒருவரிடம் இரவல் பெற வேண்டியிருந்தது. அதன்பின் ஸ்டூவர்ட், களங்களில் தடுப்புகளும் மருத்துவரும் தீயணைப்போரும் வேண்டும் என்று போராடினார். ஜென்கின்சனோ அப்போராட்டத்தைத் தம் இதழிலேயே கடுமையாகச் சாடினார். இடர் நீங்கினால் வீரமும் நீங்கும், பழம்பெருங்களங்கள் தம் இயல்பை இழக்கும் என்பது அவர்தம் கவலை.

அக்கவலையை முற்றும் புறந்தள்ளுதல் நேர்மையன்று. பழைய களங்கள் பல மாற்றப்பட்டபோது அவற்றின் தனித்தன்மை குன்றியது உண்மையே. எனினும் இடர் இருவகைப்படும் என்பதை அவர் எண்ணினாரல்லர். திறமையால் வெல்லத்தக்க இடர் ஒன்று. திறமைக்கு வாய்ப்பே தராத இடர் மற்றொன்று. வழுக்கும் வளைவு முன்னதைச் சேரும். மருத்துவர் இன்மையும் தீயணைப்போர் இன்மையும் பின்னதைச் சேரும். ஜென்கின்சன் பெரிதும் மதித்த ஜிம் கிளார்க் 1968இல் ஹாக்கன்ஹைமில் தடுப்பற்ற பாதையினின்று மரங்களில் மோதி இறந்தார். அங்கே அவர்தம் ஒப்பற்ற திறமை என்ன செய்ய இயலும்? 1957இல் மில்லே மிலியாவில் ஒரு கார் தடம்புரண்டபோது, அதிற்சென்ற இருவரோடு, குழந்தைகள் உள்ளிட்ட ஒன்பது பார்வையாளர்களும் மாண்டனர். அக்குழந்தைகள் எந்த வீரத்தை விரும்பி வந்தனர்?

பாதுகாப்பைக் கேட்டவர் கோழையும் அல்லர். 1968இல் நூர்பர்க்ரிங் களத்தில், மழையிலும் மூடுபனியிலும், மணிக்கட்டுக் காயத்தோடு ஓட்டி, இரண்டாமவரை நான்கு நிமிடத்திற்கும் மேற்பட்ட இடைவெளியில் வென்றவர் அதே ஸ்டூவர்ட். அஞ்சத்தக்கதற்கு அஞ்சுதலை அறிவுடையார் செயலாகவே வள்ளுவர் வைத்தார். அதனை வீரக்குறைவு என்னவில்லை.

இவற்றினும் வலிய மறுப்பு ஜென்கின்சனின் கைவினையிலேயே உள்ளது. அக்காகிதச் சுருள் யாது? மேட்டுக்கு அப்பால் என்ன உள்ளதென்று அறியாமையால் விளையும் இடரை நீக்கிய கருவி அது. அது மோஸின் திறமையைக் குறைத்ததா? கண்ணுக்குத் தெரியாத மேடுகளையும் வேகம் குறையாமல் கடக்கும் துணிவை அன்றோ அவருக்கு அளித்தது! வேண்டாத இடரை நீக்கினால் கலை உயரும் என்பதை 1955இல் செயலில் காட்டியவர், பின்னாளில் சொல்லில் மறந்தார்.

2020இல் பஹ்ரைனில் ரொமேன் குரோஷானின் கார் தடுப்பைப் பிளந்து தீப்பிழம்பாகியது; அவர் தாமே வெளியேறி உயிர் பிழைத்தார். தலைக்குமேல் பொருத்திய காப்பு வளையமும், உடனே விரைந்த மருத்துவ வண்டியும் அன்று துணைநின்றன. ஸ்டூவர்ட் தொடங்கிய போராட்டத்தின் வழிவந்த பயன்கள் அவை.

ஜென்கின்சனின் எழுத்தைப் போற்றிப் படித்தல் வேண்டும். பட்டறிவும் துல்லியமும் அடக்கமும் அமைந்த அத்தகைய உரைநடை இத்துறையில் மிக அரிது. ஆயினும், தாம் ஏற்ற இடரைப் பிறர்மீதும் சுமத்தும் உரிமை எத்துணைச் சிறந்த ஆர்வலர்க்கும் இல்லை என்பதை அவ்வெழுத்தை அளக்கும்போது மறத்தலாகாது.