பூந்தமல்லிக்கு அப்பால் இருளர்: எழுதப்பட்டதும் எழுதப்படாததும்

சென்னையின் மேற்குப் புறநகர் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 1960களில்தான் தொடங்குகிறார்கள். அம்பத்தூர் தொழிற்பேட்டை, ஆவடி டாங்கித் தொழிற்சாலை, பூந்தமல்லிச் சாலையோரம் பெருகிய ஆலைகள். அதற்கு முன் இங்கே ஏரிகளும் வயல்களும் புதர்க்காடுகளும் இருந்தன. அவற்றை நம்பி வாழ்ந்தவர்களில் இருளர் பழங்குடியினர் முக்கியமானவர்கள். திருவள்ளூர் மாவட்டத்தின் ஏரிக்கரைகளிலும் புறம்போக்குகளிலும் இன்றும் வாழ்கிறார்கள். 2011 கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் அவர்கள் ஏறத்தாழ 1,90,000 பேர்.

இப்பகுதியின் தொன்மை என்றாலே அதிரம்பாக்கம்தான் பேசப்படும். 1863இல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட் அங்கே கற்கருவிகளைக் கண்டார். தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினரின் அகழாய்வு அவற்றில் மிகப் பழையவை 15 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று நிறுவியது. அவற்றைச் செய்தவர்கள் நம் மனித இனம் தோன்றுவதற்கு முன்பே வாழ்ந்தவர்கள். இருளரை அவர்களோடு முடிச்சுப் போடுவதில் பொருளில்லை. இருளருக்குப் பெருமை சேர்க்க அவர்களுடைய நிகழ்காலமே போதும்.

ஆங்கிலேய அதிகாரி எட்கர் தர்ஸ்டன் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909இல் வெளியிட்ட ஏழு தொகுதிகளில் இருளர் பற்றிய பகுதி உண்டு. அதிகாரியின் கண்ணில் பட்ட மனிதர்களே அதில் இருக்கிறார்கள். செக் நாட்டுத் தமிழறிஞர் கமில் ஸ்வெலபில் ஆராய்ந்தது நீலகிரி இருளரின் மொழியை. சமவெளி இருளர் தமிழே பேசுவதால் அந்த வகை ஆய்வில் அவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை. பாம்பு பற்றிய எழுத்தில்தான் அவர்கள் முதன்முதலாக அறிவுடையவர்களாக வருகிறார்கள்.

அந்தக் கதையை விரிவாகவே சொல்ல வேண்டும். தோல் வணிகத்துக்காகப் பாம்பு பிடித்துப் பிழைத்த குடும்பங்கள், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கும் அதைத் தொடர்ந்த ஏற்றுமதித் தடைக்கும் பின் வழியற்று நின்றன. 1978இல் பாம்பியல் அறிஞர் ரோமுலஸ் விட்டேக்கரின் துணையோடு இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் உருவானது. மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் அது இயங்குகிறது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் உயிரோடு பிடித்துவந்து, பானைகளில் சில வாரம் வைத்து, நஞ்செடுத்துவிட்டுத் திரும்பக் காட்டில் விடுகிறார்கள். நாட்டின் விஷமுறிவு மருந்துக்கு வேண்டிய நஞ்சில் பெரும்பங்கு இங்கிருந்து போகிறது. ஆவடியில் ஒருவரைப் பாம்பு கடித்தால், அவர் உயிர் பிழைப்பதில் ஓர் இருளரின் கைக்கும் பங்கிருக்கக்கூடும். மண்ணில் தெரியும் தடத்தையும் வளை வாயின் வழவழப்பையும் பார்த்தே உள்ளே பாம்பு உண்டா என்று கணிக்கும் கல்வி இது. இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவரும் இந்தக் கல்வியோடு ஃபுளோரிடா வரை சென்று மலைப்பாம்பு பிடித்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது.

விருது நல்லதுதான். ஆனால் இருளர் தங்களைத் தாங்களே கொண்டாடும் நாள் ஒன்று இருக்கிறது. மாசி மகத்தன்று வட மாவட்டங்களின் இருளர்கள் மாமல்லபுரம் கடற்கரையில் கூடுகிறார்கள். முன்தினமே குடும்பம் குடும்பமாக வந்து, குச்சி நட்டுச் சேலை கட்டி, மணலில் குடில் போடுகிறார்கள். கோபித்துக்கொண்டு கடலுக்குள் போய்விட்ட தங்கள் தெய்வம் கன்னியம்மனைச் சமாதானப்படுத்தி அழைத்துவருவதே வழிபாடு. விடியலில் நீர்விளிம்பில் மணலால் ஏழு படி கட்டிப் பூவும் பழமும் படைக்கிறார்கள். மொட்டையடிப்பு, காதுகுத்து, பெண் பார்ப்பது, தாலி கட்டுவது எல்லாம் அங்கேயே நடக்கின்றன. ஆண்டு முழுதும் சிதறிக் கிடக்கும் ஒரு சமூகம் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் இடம் அது. அரங்க மேடையில் பத்து நிமிடம் ஆடச் சொல்லி அனுப்பும் அரசு விழாக்கள் இதற்கு ஈடாகா.

 

கொண்டாட்டத்தைப் பேசும்போது கொத்தடிமை முறையைப் பேசாமல் விட முடியாது. 1976 சட்டம் தடை செய்த பின்னும் திருவள்ளூர், காஞ்சிபுரம் பகுதி அரிசி ஆலைகளிலிருந்தும் செங்கல் சூளைகளிலிருந்தும் இருளர் குடும்பங்கள் மீட்கப்பட்டபடியே இருந்தன. திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணி உருவாக்கிய பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் இந்த வன்கொடுமைகளை ஆவணப்படுத்தி வழக்காடியது. இருளரைப் பற்றிய எழுத்தில் நான் மிகவும் மதிப்பது இந்த ஆவணங்களைத்தான். 2021இல் ‘ஜெய் பீம்’ திரைப்படம் இதே வலியைத் திரைக்குக் கொண்டுபோனது.

ஆனாலும் இவை யாவும் இருளரைப் பற்றிப் பிறர் சொன்னவை. புறநகர்க் கல்லூரிகளின் தமிழ்த்துறைகளும் வரலாற்றுத்துறைகளும் இருளர் மாணவர்களைத் தேடிச் சேர்த்து, அவர்கள் தங்கள் பாட்டிமாரின் மருந்தறிவையும் மாசி மகப் பாடல்களையும் தங்கள் பெயரிலேயே எழுத வழிசெய்ய வேண்டும். வருவாய்த்துறை அலைக்கழிக்காமல் சாதிச் சான்றிதழும் மனைப்பட்டாவும் கொடுத்தால்தான் அந்தப் பிள்ளைகள் கல்லூரி வாசல்வரை வருவார்கள்.