ஒரே துணி, இரண்டு மண்

2024 ஆகஸ்டில் கொச்சி யூதரான குவீனி ஹல்லேகுவா 89 வயதில் மறைந்தபோது, அவர் வாழ்ந்த மட்டாஞ்சேரியைப் பற்றி நிறைய எழுதினார்கள். 2019இல் அதே தெருவின் சாரா கோஹன் 96 வயதில் மறைந்தபோதும் அப்படித்தான். அவற்றில் நான் படித்த பலவற்றில் ஒரே பாராட்டு திரும்பத் திரும்ப வந்தது: யூதர்களின் சாவுச் சடங்கு சமத்துவத்தின் சடங்கு. தோப்பும்படியில் குடியிருக்கும் எனக்கு யூதத் தெரு பக்கம்தான். அங்கே போய்வந்த கால்களோடு இந்தப் பாராட்டை என்னால் ஏற்க முடியவில்லை.

சடங்கின் உயர்வை மறுக்கவில்லை. சாவைவிடச் சாவுச் செலவு கனத்துப்போய், பிணத்தைப் போட்டுவிட்டு உறவினர் ஓடிய காலம் ஒன்று இருந்ததாகத் தல்மூது சொல்கிறது. ரபி கமாலியேல் என்ற பெரிய மனிதர் தம் உடலை எளிய லினன் துணியில் எடுத்துச் செல்லச் செய்தார்; ஊர் அவரைப் பின்பற்றியது. இன்றுவரை பணக்காரனுக்கும் ஏழைக்கும் அதே வெள்ளைத் துணிதான். குளிப்பாட்டுவது கூலியாள் அல்ல, சொந்தச் சபையார். கூடுமானால் அன்றே அடக்கம், பிறகு ஏழு நாள் துக்கம். கல்லறைத் தோட்டத்துக்கு அவர்கள் வைத்த பெயர் ‘உயிருள்ளோர் இல்லம்’. உயிர்த்தெழுதலை நம்பும் மனம் வைத்த பெயர் அது. முதல் நூற்றாண்டு எருசலேமில் ஓராண்டு கழித்து எலும்புகளைத் திரட்டிக் கல்பெட்டியில் இட்டு, குடும்பத்தாரோடு சேர்த்து வைத்தார்கள். தாழியில் முன்னோரை வைத்த நமக்கு அந்தப் பாசம் புரியாததல்ல.

துணி சரி. மண்?

கொச்சியில் பரதேசி யூதர்களுக்கு ஒரு கல்லறைத் தோட்டம், மலபாரி யூதர்களுக்கு வேறொன்று. 1568இல் பரதேசி ஜெபாலயத்தைக் கட்டியவர்கள் ஸ்பெயினிலிருந்தும் மேற்காசியாவிலிருந்தும் வந்தவர்கள். மலபாரிகள் அவர்களுக்குப் பல நூற்றாண்டு முந்தியே இங்கு வேரூன்றியவர்கள். ஒரே தோரா, ஒரே வழிபாட்டு முறை, வீட்டில் ஒரே மலையாளம். ஆனாலும் வெள்ளை யூதர், கறுப்பு யூதர் என்று பிரித்தார்கள். கெய்ரோவிலிருந்த ரபி தாவீது இப்னு சிம்ராவிடம் 16ஆம் நூற்றாண்டிலேயே கேள்வி போனது. முறைப்படி முழுக்குப் பெற்றால் கறுப்பர் எனப்பட்டவர்களும் யூதர்களே, பெண் கொடுக்கலாம், எடுக்கலாம் என்று பதில் வந்தது. அந்தப் பதிலை மட்டாஞ்சேரி காதில் போட்டுக்கொள்ளவில்லை. விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்தோரை ஜெபாலயத்தின் முன்மண்டபத்தோடு நிறுத்தியதை எதிர்த்து ஏ.பி.சேலம் (1882–1967) சத்தியாகிரகம் செய்ய வேண்டியிருந்தது. வழக்கறிஞர், படித்தவர், சட்டசபை கண்டவர். அவருக்கே அந்த நிலை.

சபைக்குச் சபை தனித் தோட்டம் வைத்துக்கொள்வது வெறும் நிர்வாக ஏற்பாடு என்கிறார்கள். இந்த வாதம் எனக்குப் பழகியது. நம் ஊரிலும் இதையேதான் சொல்கிறார்கள். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்துக்குள் தலித் கிறித்தவர்களைப் பிரித்து நிற்கும் சுவரும் ‘ஏற்பாடு’தான். சாரா கோஹன் மறைந்த அதே 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே ஒரு தலித்தின் உடலைப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்களே, வழி விடாதவர்களும் நிலம் யாருடையது என்றுதான் பேசினார்கள். யூத மரபு சொல்லும் பிரிவினை ஒன்று உண்டு: கொடியவனை நல்லவன் பக்கத்தில் புதைக்காதே என்பது. அது நடத்தையைப் பார்த்த பிரிவினை. மட்டாஞ்சேரி பார்த்தது தாய்வழி ரத்தத்தை. சாதியை இந்த மண்ணிலிருந்து கற்றுக்கொண்டார்கள், பாவம் என்று இரங்குகிறார்கள் சிலர். எதைக் கற்பது என்பதைக் கற்றவன்தானே தீர்மானித்தான்?

அதன் விலையை நேரில் பார்க்கலாம். 1615இல் இறந்த நெகேமியா மோத்தா எபிரேயக் கவி. அவர் பாடல்கள் கொச்சி யூதர்களின் பாட்டுத் தொகுப்பில் உண்டு. அவர் அடங்கிய மலபாரித் தோட்டம் இன்று இல்லை. வீடுகளுக்கு நடுவே அவர் கல்லறை மட்டும் நிற்கிறது, வெள்ளையடித்து, மேலே எபிரேய எழுத்தோடு. நான் போன மாலையில் உருகிய மெழுகு விளிம்பில் வழிந்து உறைந்திருந்தது. அதன்மேல் புதிதாக ஒரு திரி எரிந்துகொண்டிருந்தது. இந்து, முஸ்லிம், கிறித்தவர் எல்லோரும் வந்து ஏற்றுகிறார்கள். அவரைச் சுற்றிக் கிடந்தவர்களுக்கு ஒரு கல்கூட இல்லை. பரதேசித் தோட்டத்துக்கோ மதில் உண்டு, பூட்டிய கேட் உண்டு, வரிசை குலையாத கற்கள் உண்டு.

1950களில் பெரும்பாலான மலபாரிகள் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள், பார்த்துக்கொள்ள ஆளில்லை, அதனால் அழிந்தது என்பார்கள். உண்மைதான். ஆனால் ஒரே மதிலுக்குள் எல்லோரையும் அடக்கியிருந்தால், இங்கேயே தங்கிவிட்டவர்களின் பூட்டு போனவர்களின் எலும்புகளையும் காத்திருக்கும். ‘உயிருள்ளோர் இல்லம்’ என்ற பெயர் கேட்டது அதைத்தான்.

இறந்தவருக்கான கதீஷ் பிரார்த்தனையைச் சொல்லப் பத்து ஆண்கள் வேண்டும். பரதேசிகளிடம் அந்தப் பத்து தேறாமல் போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன. இப்போது எண்ணிக்கை நிறைய வேண்டுமானால் வெளியூர்ப் பயணிகளும், எர்ணாகுளத்திலிருந்து பாலம் தாண்டி வரும் மலபாரி வீட்டு ஆண்களும் வந்து நிற்க வேண்டும்.