கேஸ் சேஃப்டி மீட்டர்: வாங்கலாமா?

நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு காலத்தில் அடுப்புக்கு இந்த ஊர்ச் சரக்கான லெக்கோ கரி. இன்று எங்கும் 14.2 கிலோ சிலிண்டர்தான். அதை நம்பி வீடேறி வருகிறது 'கேஸ் சேஃப்டி மீட்டர்'. சிலிண்டருக்கும் ரெகுலேட்டருக்கும் நடுவே மாட்டும் உலோகத் துண்டு. மேலே பச்சை, மஞ்சள், சிவப்பு பூசிய டயல்.

விற்பவர் டியூபைப் பிடுங்கிக் காட்டினார். 'டக்'கென்று உள்ளே குண்டு ஏறி வாயை அடைத்தது. (நீங்கள் செய்து பார்க்காதீர்கள்.) டியூப் அறுந்தால் இது உதவும், மறுக்கவில்லை.

ஆனால் ரெகுலேட்டர் கெடுவது அப்படியல்ல. வெயில் நாளில் சிலிண்டருக்குள் சதுர சென்டிமீட்டருக்கு ஐந்து கிலோவுக்கு மேல் அழுத்தம் இருக்கும். அதை 30 கிராமுக்கு, அதாவது ஒரு அடி ஸ்கேல் உயரத் தண்ணீரின் அழுத்தத்துக்கு, இறக்குபவை ஒரு ஸ்பிரிங்கும் ஒரு ரப்பர் சவ்வும். சவ்வு ஏறி இறங்க மூடியில் சின்னத் துளை. வருஷக்கணக்கில் ரப்பர் விறைத்து வெடிப்பு விட்டால், அந்தத் துளை வழியாகத்தான் கேஸ் கசியும். தாளிப்புப் பிசுக்கு துளையை அடைத்தாலோ, சவ்வு ஒழுங்காக அசையாமல் தீ குதிக்கும். அமெரிக்கக் கேரவன் வண்டிகளின் புரோப்பேன் ரெகுலேட்டருக்கும் இதே கதிதான். அங்கே அடைப்பது ரோட்டுச் சேறும் பூச்சிக்கூடும். பல நேரம் ரெகுலேட்டர் மேல் பழியிருக்க, குற்றவாளி சிலிண்டர் வால்வுக்குள் தேய்ந்த ஓ-ரிங்.

இந்தக் கசிவெல்லாம் நூலளவு. குண்டை ஏற்றும் வேகம் அதற்கு இல்லை. மீட்டர் சும்மா இருக்கும். போதாக்குறைக்குக் கசிய இன்னொரு இணைப்பும் கூடிவிட்டது.

டயல் இன்னும் மோசம். 'மிச்ச கேஸைக் காட்டும்' என்கிறார்கள். உள்ளே திரவம் இருக்கும்வரை அழுத்தம் பெரிதாகக் குறையாது. அதை ஆட்டிவைப்பது வெயில்தான். அக்னி நட்சத்திர மதியத்தில் முள் ஏறும், விடிகாலையில் இறங்கும். சிவப்பைத் தொடும்போது சிலிண்டரே காலி.

வாங்க வேண்டாம். ஏஜென்சி தரும் ஐ.எஸ்.ஐ. ரெகுலேட்டரும் சுரக்ஷா டியூபும் போதும். டியூபை ஐந்து வருஷத்தில் மாற்றிவிடுங்கள். புது சிலிண்டர் மாட்டியதும் துளையிலும் வால்வு வாயிலும் சோப்பு நுரை தடவுங்கள். வாயில் குமிழி வந்தால் பெரும்பாலும் ஓ-ரிங். சிலிண்டர் போடுபவரே மாற்றுவார். துளையில் வந்தால் ரெகுலேட்டரைப் பிரிக்காமல் ஏஜென்சியில் கொடுத்து மாற்றுங்கள். வாடை பலமாக அடித்தால் சோதனையெல்லாம் வேண்டாம்: ரெகுலேட்டரைக் கழற்றி, மூடியைப் போட்டு, ஜன்னலைத் திறந்து, எந்த சுவிட்சையும் தொடாமல் வெளியே போய் 1906-ஐக் கூப்பிடுங்கள்.