பரதேசி என்னும் பெயர்

'பரதேசி' என்னும் சொல் முதலில் வேற்றுத் தேசத்தான் என்ற செய்தியை மட்டுமே உணர்த்தியது. பிறகு வீடு வாசலின்றித் திரியும் யாசகனைக் குறித்தது. இன்றோ தெருச் சண்டையில் வசையாக விழுகிறது. ஒரு சொல் இப்படிப் படிப்படியாகக் கீழே இறங்கிய கதையில், அந்நியனை நாம் பார்த்த பார்வையின் சரித்திரம் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. புலம்பெயர்ந்தோரைப் பற்றி உலக மொழிகளில் எழுந்துள்ள டிஸ்டோபியா நாவல்களை, அதாவது வரக்கூடாத எதிர்காலம் வந்தேவிட்டதாகக் கற்பித்துக் காட்டும் புனைவுகளை, வாசித்துவந்த நாட்களில் இச்சொல்லே எனக்குத் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. மதிலும் முள்வேலியும் முகாமும் எழும்புவதற்கு முன்பே அந்த உலகங்களில் நடந்து முடிந்துவிடும் காரியம் ஒன்றுண்டு: வந்தவனுக்கு ஒரு பெயர் வைக்கப்படுகிறது.

வருத்தத்துடன், ஒரு நச்சு நூலிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது. பிரெஞ்சு எழுத்தாளர் ழான் ரஸ்பாய் 1973இல் வெளியிட்ட 'புனிதர்களின் முகாம்', கல்கத்தாவிலிருந்து கப்பல் கப்பலாகப் புறப்படும் ஏழை ஜனங்கள் தெற்குப் பிரான்சின் கரையில் வந்திறங்குவதையும், அதனால் மேலை நாகரிகமே வீழ்ந்துபடுவதையும் சித்திரிப்பது. வருகிறவர்களை ஆசிரியர் வெள்ளமாக வருணிக்கிறார், நாற்றமாக வருணிக்கிறார்; அவர்களுக்கும் ஒரு மனம் இருக்கும் என்ற எண்ணம் அவருக்கு உண்டாகவேயில்லை. இந்த நூலில் பெயரும் பேச்சும் பெற்று நடமாடும் இந்தியன் ஹமதுரா; புதுச்சேரியைச் சேர்ந்தவன்; தன் நிறத்தாரைச் சுடுவதற்காக வெள்ளையர் பக்கம் நின்று துப்பாக்கி எடுப்பவன். பெயர் எதற்குக் கூலியாகக் கிடைக்கிறது என்பதை இதைவிட அப்பட்டமாக ஒரு நாவல் சொல்லிவிட முடியாது. இத்துறையில் எதை எதிர்த்து எழுத வேண்டியிருக்கிறது என்பதை அறிவதற்காகவேனும் இந்நூலைத் தெரிந்துவைத்திருக்கத்தான் வேண்டும்.

ஆங்கில நாவலாசிரியை பி. டி. ஜேம்ஸ் 1992இல் எழுதிய 'மனிதரின் பிள்ளைகள்' நூலில் பகை இல்லை, நிர்வாகமே உண்டு. குழந்தைப் பிறப்பே நின்றுபோன இங்கிலாந்து, ஏழை நாடுகளிலிருந்து இளைஞர்களை வரவழைத்து, அழுக்கு வேலைகளை வாங்கிக்கொண்டு, அறுபது வயதானதும் திருப்பி அனுப்பிவிடுகிறது. அவர்களுக்குத் 'தங்கிப்போகிறவர்கள்' என்ற கௌரவமான பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. அந்தக் கௌரவமே என்னை நடுங்கவைத்தது. ஜான் லான்செஸ்டரின் 'மதில்' (2019) நாவலில், கடல் பொங்கிக் கடற்கரைகளை விழுங்கிய பிறகு பிரிட்டன் முழுவதையும் சுற்றி மதில் எழுப்பப்பட்டுவிடுகிறது. வருகிறவர்களுக்கு அங்கே 'மற்றவர்கள்' என்று பெயர். பிடிபட்டு அடிமைப்பட்டோருக்கு 'உதவியாள்' என்று பெயர். மற்றவர்களில் எத்தனை பேர் மதிலைக் கடக்கிறார்களோ அத்தனை காவலர்கள் கடலில் விடப்படுவார்கள் என்ற கொடிய கணக்கை விடவும், காவலர்களிலேயே தீரனாகிய தலைவன் ஒருகாலத்தில் 'மற்றவ'னாய் வந்தவன் என்று வெளிப்படும் இடமே இந்நாவலின் உயிர்நிலை என்பது என் அபிப்பிராயம். ஆயினும் ஜேம்ஸும் லான்செஸ்டரும் உள்ளிருந்து சாளரம் வழியாக வெளியே பார்ப்பவர்கள். அவர்களுடைய கருணை மெய்யானதே, ஆனால் வெளியே நிற்பவனின் குளிர் அதற்குத் தெரியாது.

அந்தக் குளிரை அறிந்தவர் தீபக் உண்ணிகிருஷ்ணன். கேரளத்துப் பெற்றோருக்குப் பிறந்து அபுதாபியில் வளர்ந்த இவருடைய 'தற்காலிக மனிதர்கள்' (2017) வளைகுடாவின் கூலிகளைப் பற்றிய கதைத் தொகுதி. கட்டி முடியாத மாடிகளிலிருந்து விழுந்து உடைந்துகிடக்கும் தொழிலாளிகளை இரவெல்லாம் தேடி, சிதறிய அங்கங்களை ஒட்டியும் தைத்தும் சேர்த்துவைக்கும் ஒரு பெண் இதில் வருகிறாள். மலையாளிகளைச் செடிகளைப்போல விதைத்து வளர்த்து, சில ஆண்டுகளே உயிர் நிற்கும்படி செய்து வேலைக்கு அனுப்பும் தோட்டம் வருகிறது. கடவுச்சீட்டை விழுங்கிக் கடவுச்சீட்டாகவே ஆகிவிடுகிறான் ஒருவன். பெட்டியை விழுங்கிப் பெட்டியாகிவிடுகிறான் இன்னொருவன். இவற்றை விசித்திரக் கதை என்று ஒதுக்க என்னால் இயலவில்லை. எத்தனை ஆண்டுகள் உழைத்தாலும் குடியுரிமை கிட்டாத தேசத்தில், வேலை உள்ளவரையே விசா என்ற விதியின் கீழ் ஓர் ஆயுளைக் கழிப்பவன் தாளாகவும் பெட்டியாகவும் ஆவது உருவகமாகுமா? அவனுடைய அன்றாட நிலைமையை உள்ளபடி கூறுவதற்கு வேறு வகை உண்டா? எதிர்காலத்துக்குப் போகாமலேயே எதிர்காலத்தின் பயங்கரத்தைக் காட்டிய இந்தச் சிறு தொகுதியை, நான் வாசித்தவற்றுள் முதலிடத்தில் வைக்கிறேன்.

அதற்கு அடுத்த இடம் சுவீடனின் யோஹான்னஸ் அன்யூருவுக்கு. உகாண்டாத் தந்தைக்கும் சுவீடிஷ் தாய்க்கும் பிறந்த இக்கவிஞரின் 'தம் அன்னையரின் கண்ணீரில் அவர்கள் மூழ்குவார்கள்' அந்நாட்டின் ஆகஸ்ட் பரிசை 2017இல் பெற்றது. அதில் வரும் எதிர்காலத்தில், பிரஜை ஒப்பந்தத்தில் கையொப்பமிட மறுப்பவர்கள் 'சுவீடனின் எதிரிகள்' என்று வகுக்கப்பட்டு, 'முயல் முற்றம்' என்ற இடத்தில் அடைக்கப்படுகிறார்கள். அவர்கள் எங்கிருந்தும் வந்தவர்கள் அல்லர், அங்கேயே பிறந்தவர்கள்; பிறந்த மண்ணையே ஒரு கையெழுத்தால் இரவலாக்கிவிட முடியும் என்பதுதான் அன்யூரு எழுப்பும் அச்சம்.

மொஹ்சின் ஹமீதின் 'மேற்கே வெளியேற்றம்' (2017) பெரும்புகழ் பெற்றது. ஆகையால் சுருங்கச் சொன்னால் போதும். ஒரு கறுப்புக் கதவைத் திறந்தால் வேறொரு தேசம் என்ற அவருடைய உபாயம், கடலையும் படகையும் காட்டி வாசகனிடம் இரக்கம் வாங்கும் சுலபமான வழியை அடைத்துவிடுகிறது. வந்து சேர்ந்த பிறகு என்ன என்ற கடினமான கேள்வியே மிஞ்சுகிறது.

யோகோ தவாதாவிடம் வரும்போதுதான் மனத்துக்குச் சற்றே காற்றோட்டம் கிடைக்கிறது. தோக்கியோவில் பிறந்து ஜெர்மனியில் குடியேறி, இரு பாஷைகளிலும் எழுதிவரும் இவருடைய 'பூமியெங்கும் சிதறி' (2018) நாவலின் நாயகி ஹிருகோ, தன் தாய்நாடே உலகப்படத்திலிருந்து மறைந்துவிட்ட பிறகு டென்மார்க்கில் வாழ்கிறாள். ஸ்காண்டிநேவிய மொழிகளையெல்லாம் கலந்து 'பான்ஸ்கா' என்று தனக்கென ஒரு பாஷையை உண்டாக்கிக்கொள்கிறாள். பிறகு தன் தாய்மொழியைப் பேசக்கூடிய இன்னோர் உயிர் எங்கேனும் உண்டா என்று தேடிப் புறப்படுகிறாள். மற்ற நூல்களில் வந்தவனுக்கு அரசு பெயரிடுகிறது. இங்கே வந்தவள் உலகத்துக்குப் பெயரிடுகிறாள்.

இந்நூல்களையெல்லாம் தமிழில் வாசிக்க வேண்டும் என்று நான் விரும்புவதற்குக் காரணம், இவற்றின் பயங்கரம் நமக்குப் புதிதாக இராது என்பதே. தமிழகத்திலிருந்து சென்று இலங்கை மலையகத்தில் தேயிலை வளர்த்த குடும்பங்கள், 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்கள் ஆயின. அங்கே அவர்களைக் 'கள்ளத்தோணி' என்றார்கள். திரும்பி வந்து நீலகிரித் தோட்டங்களில் குடியேறியவர்களை இங்கே 'சிலோன்காரர்' என்றோம். 1964இல் இந்திய, இலங்கைப் பிரதமர்கள் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேர் இலங்கைக்கென்றும் பிரிக்கப்பட்டனர். மிச்சம் இருந்த 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டன.