ஐந்தொகையில் எழுதப்படாத கடன்

நெருக்கடிக் காலத்தில் நிறுவனங்கள் கடனை எப்படிச் சரிசெய்துகொள்கின்றன? நிதியியல் இதற்கு இரண்டு கதையாடல்களை வைத்திருக்கிறது. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் உகந்த கடன் அளவு ஒன்று உண்டு, விலகினாலும் மெல்ல அங்கே திரும்பிவிடும் என்பது ஒன்று. ஸ்டூவர்ட் மையர்ஸ் 1984இல் முன்வைத்தது மற்றொன்று: முதலில் சொந்த லாபம், பிறகு கடன், கடைசியில்தான் பங்கு. இரண்டிலும் பேசுகிறவர்கள் முதலாளி, வங்கி, பங்குதாரர். தொழிலாளி இந்தப் பிரதிக்கு வெளியே நிற்கிறாள்.

திண்டுக்கல், வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைகளை வைத்து இதை வாசிக்கலாம். பஞ்சு வரத்துக் காலத்தில் வங்கிப் பணத்தில் பஞ்சு வாங்கிக் குடோனில் அடுக்குவார்கள். இருப்பின் மதிப்பில் ஒரு பங்கைக் கழித்துத்தான் வங்கி பணம் தரும். 2008இல் போல ஏற்றுமதி படுத்து நூல் தேங்கினால், விலை இறங்க இறங்க இருப்பின் மதிப்பும் இறங்கும். பணம் அதிகம் தேவைப்படுகிற நேரம் பார்த்து எடுக்கக்கூடிய தொகை சுருங்கும். அந்த வருஷம் மின்வெட்டு வேறு. 1999இல் வந்த தொழில்நுட்ப மேம்பாட்டு நிதித் திட்டத்தின் வட்டிச் சலுகையில் வாங்கிய இயந்திரங்கள் நின்றாலும் தவணை நிற்காது.

அப்போது கை கொடுத்தது மறுசீரமைப்பு. 2008 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி வகுத்த விதிகளால், தவணையைத் தள்ளிவைத்தும் கணக்கை வாராக்கடன் ஆகாமல் காக்க முடிந்தது. 2020இல் மார்ச் முதல் ஆகஸ்டு வரை தவணை ஒத்திவைப்பு. மேற்கொண்டு கடன் வாங்க மத்திய அரசின் உத்தரவாதம். ஆக, சரிசெய்வது என்பது கடனைக் குறைப்பதல்ல, காலத்தை வாங்குவது.

அந்தக் காலத்தை யாரிடமிருந்தெல்லாம் வாங்கினார்கள்? சுமங்கலித் திட்டத்தில் பதின்வயதுப் பெண்களை விடுதியில் வைத்து, மூன்று வருஷம் முடிச்சா முப்பதாயிரம், ஐம்பதாயிரம் மொத்தமா தர்றோம்னு சொன்னார்கள். சீதனம் என்றே ஊரில் பேச்சு. என்னைப் பொறுத்தவரை அது பிடித்துவைத்த கூலி, வட்டியில்லாக் கடன். ஈடு கேட்காத, மறுசீரமைப்புக் கூட்டத்தில் நாற்காலி இல்லாத கடன் அது. உடம்பு முடியாமல் நடுவில் ஊர் திரும்பியவர்கள் பலருக்கு அந்தத் தொகை கிடைக்கவில்லை என்று கள ஆய்வுகள் பதிவுசெய்திருக்கின்றன. அதாவது, கொடுத்தவளைக் கேட்காமலே கடன் தள்ளுபடி. மறுநாள் அதன் பெயர் 'சொந்த லாபம்'. மையர்ஸின் வரிசையில் முதலிடம்!

சங்கத்துக்காரங்க ஐந்தொகை படிக்கப் பழகணும்னு சொன்னால், "அது ஆடிட்டர் வேலை தோழர்" என்று சிரிக்கிறார்கள். 'இதர நடப்புப் பொறுப்புகள்' என்ற தலைப்பைத் திறந்து பார்க்கச் சொல்கிறேன். கூலி பாக்கி எழுதப்பட்டிருந்தால், பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.